வீட்டில் தயாரித்த கிளாஸ்: விலை கொடுப்பது யார்?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று ஒரு விளையாட்டு. சுருக்கமாக டி அண்ட் டி. நாலைந்து நண்பர்கள் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசிப் பேசியே விளையாடுவது. அதில் ஒருவர் டன்ஜன் மாஸ்டர். உலகம், அரக்கர்கள், கதை, தீர்ப்பு எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு கதாபாத்திரம். "கதவை உடைக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் 20 பக்கப் பகடையை உருட்டி, கதவு உடைந்ததா இல்லையா என்று பார்ப்பார்கள்.

அந்தக் கதாபாத்திரம் என்ன தொழில் செய்கிறது என்பதைச் சொல்வதுதான் கேரக்டர் கிளாஸ். (கட் அடிக்கிற கிளாஸ் இல்லை. இந்த கிளாஸை யாரும் கட் அடிப்பதில்லை!) ஃபைட்டர் வாள் வீசுவார். விஸார்ட் மந்திரம் போடுவார். கிளெரிக் கடவுள் பெயரால் காயத்தை ஆற்றுவார். ரோக் பூட்டைத் திறப்பார், இருட்டில் பின்னால் வந்து குத்துவார். இவை எல்லாம் விதிப் புத்தகத்தில் அச்சாகி வந்தவை.

சிலருக்கு இது போதாது. மனதில் ஒரு ஆள் இருப்பார், புத்தகத்தில் அவருக்கு இடம் இருக்காது. இடியை வாளில் ஏற்றிச் சண்டை போடுபவர், செத்தவர்களிடம் சாட்சி வாங்குபவர், இப்படி ஏதாவது. உடனே நோட்டை எடுத்து, ஒன்றாவது லெவலில் இருந்து இருபதாவது லெவல் வரை என்னென்ன சக்தி என்று தாங்களே எழுதிவிடுவார்கள். இதற்கு ஹோம்ப்ரூ என்று பெயர். வீட்டுத் தயாரிப்பு. அடுத்த வாரம் அந்தப் பத்துப் பக்கத்தை டன்ஜன் மாஸ்டர் கையில் கொடுத்து, "இதை வைத்து ஆடலாமா?" என்று கேட்பார்கள்.

டன்ஜன் மாஸ்டருக்குத் தலைவலி அங்கேதான் ஆரம்பம். இந்தக் கிளாஸ் மற்ற கிளாஸ்களோடு சமமாக இருக்குமா?

சமநிலை எதற்கு?

நியாயமான ஒரு சந்தேகம் வரும். இந்த விளையாட்டில் ஜெயிப்பவர், தோற்பவர் கிடையாது. எல்லோரும் ஒரே கட்சி, எதிரி அரக்கன். அப்புறம் ஒருவர் மட்டும் கொஞ்சம் பலசாலியாக இருந்தால் என்ன குடி முழுகிவிடும்?

குடி முழுகாது. ஆனால் மேஜையில் இருக்கும் நேரம் அளவானது. வாரத்தில் ஒரு ராத்திரி, மூன்று நான்கு மணி நேரம். சண்டை வந்தால் ஒருவர் முறை முடிந்துதான் அடுத்தவர் முறை. அதற்குள் ஒவ்வொருவரும் தன் பாத்திரம் ஏதாவது உருப்படியாகச் செய்ய வேண்டும் என்றுதான் வருகிறார்கள். பூட்டுத் திறப்பதற்கென்றே ஒரு ரோக் இருக்கும்போது, புதுக் கிளாஸ்காரர் கதவை ஊதித் தள்ளிவிட்டால், ரோக் ஆடுபவர் அன்றைக்கு சிப்ஸ் சாப்பிட்டுவிட்டுப் போக வந்தவர் ஆகிவிடுகிறார். ஒரு வாரம் பரவாயில்லை. மூன்று மாதம் இப்படியே போனால் அவர் வருவதை நிறுத்திவிடுவார். காரணமும் சொல்ல மாட்டார். வேலை இருக்கிறது என்பார்.

ஒரு கிளாஸுக்குக் கிடைக்கும் ஒவ்வொரு சக்திக்கும் ஒரு விலை உண்டு. அதைச் செய்தவர் அந்த விலையைக் கொடுக்கவில்லை என்றால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கொடுக்கிறார். வீட்டுத் தயாரிப்பு கிளாஸில் பார்க்க வேண்டிய கணக்கு இதுதான்.

ஆரம்பமே வீட்டுத் தயாரிப்பு

ஹோம்ப்ரூ என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் ஒரு பழைய கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

டி அண்ட் டி 1974ல் வெளியானது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் சேர்ந்து உருவாக்கியது. அதில் மூன்றே கிளாஸ்கள்: போர்வீரர், மந்திரவாதி, கிளெரிக். இதில் கிளெரிக் வந்த விதம் சுவாரசியமானது. ஆர்னசன் அதற்கு முன்பே, 1971 வாக்கில், மின்னசோட்டா மாநிலத்தில் தன் நண்பர்களோடு பிளாக்மூர் என்ற உலகத்தை வைத்து ஆடிக்கொண்டிருந்தார. அங்கே ஒருவரின் பாத்திரம் ரத்தக்காட்டேரி ஆகிவிட்டது. பெயர் சர் ஃபேங். நாளாக நாளாக அவரை யாராலும் அசைக்க முடியவில்லை. அதற்கு மாற்றாக, பழைய திகில் படங்களில் சிலுவையோடு வருகிற ரத்தக்காட்டேரி வேட்டைக்காரரைப் போல ஒரு பாதிரியார் பாத்திரத்தை உருவாக்கினார்கள். அந்தப் பாதிரியார்தான் பிறகு கிளெரிக் ஆனார். இன்றைக்கும் பேய் பிசாசுகளை விரட்டும் சக்தி கிளெரிக்குக்கு இருப்பது அந்தப் பிறவிக்குணத்தால்தான்.

அதாவது, முதல் மூன்று கிளாஸில் ஒன்றே ஒரு மேஜையின் சமநிலைப் பிரச்சினைக்காக வீட்டில் தயாரானது!

1974 விதிப் புத்தகமும் இந்த விஷயத்தில் தாராளம். விளையாடுபவர் எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம், டிராகனாகக் கூட இருக்கலாம், ஆனால் பலம் குறைந்த குட்டி டிராகனாக ஆரம்பித்து மெதுவாக வளர வேண்டும் என்ற பொருளில் அதில் ஒரு பத்தி உண்டு. சமநிலைக்கான முதல் விதி என்று இதையே சொல்லலாம்.

அடுத்து வந்தது திருடர், அதாவது தீஃப். இன்றைய ரோக்குக்குத் தாத்தா. கலிஃபோர்னியாவில் சாண்டா மோனிகாவில் இருந்த ஏரோ ஹாபிஸ் என்ற கடையில் கூடி ஆடியவர்களிடம் இருந்து இந்த யோசனை கைகாக்ஸுக்குப் போனது. 1975ல் கிரேஹாக் என்ற துணைப் புத்தகத்தில் அச்சானது. அதே 1975ல் ரேஞ்சர் கிளாஸ், தி ஸ்டிராட்டஜிக் ரிவ்யூ என்ற பத்திரிகையில் ஜோ ஃபிஷர் என்பவர் எழுதி வந்தது. வெளியிலிருந்து வந்தவை இப்படி ஒவ்வொன்றாக அதிகாரபூர்வமாகின.

திருடர் வந்ததில் ஒரு பக்கவிளைவும் இருந்தது. அதற்கு முன்னால், சுவரில் ஏற வேண்டும், ஓசையில்லாமல் நடக்க வேண்டும், பொறியைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் யார் வேண்டுமானாலும் "இப்படிச் செய்கிறேன்" என்று விளக்கிச் சொல்லுவார், டன்ஜன் மாஸ்டர் யோசித்துத் தீர்ப்புச் சொல்லுவார். திருடருக்கு மட்டும் இதற்கெல்லாம் சதவீதக் கணக்கு வந்த பிறகு, பல மேஜைகளில் அது திருடரின் வேலை என்று ஆகிவிட்டது. போர்வீரரிடம் இருந்து யாரும் எதையும் பிடுங்கவில்லை. புதிதாக ஒருவரைச் சேர்த்தார்கள், அவ்வளவுதான். ஆனாலும் போர்வீரர் கொஞ்சம் சிறியவர் ஆகிவிட்டார்.

கிளெரிக் வந்தபோது மேஜையில் இருந்த ஒரு சிக்கல் தீர்ந்தது. திருடர் வந்தபோது மற்றவர்களிடம் இருந்த ஒரு வாய்ப்பு குறைந்தது. புதுக் கிளாஸ் எதுவானாலும் இந்த இரண்டில் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும்.

விலை போட்ட வரலாறு

அச்சிட்ட கிளாஸ்களுக்கே சமநிலை சுலபமாக வரவில்லை. ஐம்பது வருஷமாக விதவிதமாக முயற்சி செய்திருக்கிறார்கள்.

முதல் வழி, வெளிப்படையாக விலை போடுவது. அரக்கனைக் கொன்று, புதையல் எடுத்துச் சேரும் அனுபவப் புள்ளிகள்தான் காசு. 1981ல் வந்த பேசிக் தொகுப்பில் இரண்டாவது லெவலுக்குப் போக திருடருக்கு 1,200 புள்ளி போதும். கிளெரிக்குக்கு 1,500. போர்வீரருக்கு 2,000. மந்திரவாதிக்கு 2,500. வாளும் வீசி மந்திரமும் போடுகிற எல்ஃபுக்கு 4,000. ஒரே ஆளுக்கு இரண்டு தொழில் என்றால் இரண்டு மடங்கு விலை. கேட்க நியாயமாக இருக்கிறது.

ஆனால் ஒரு ஓட்டை. அடுத்தடுத்த லெவலுக்கான புள்ளியும் ஏறக்குறைய இரண்டிரண்டு மடங்காகவே ஏறுகிறது. போர்வீரருக்கு 2,000, 4,000, 8,000. எல்ஃபுக்கு 4,000, 8,000, 16,000. போர்வீரர் 8,000 புள்ளியில் நாலாவது லெவலில் நிற்கும்போது எல்ஃப் மூன்றாவது லெவலில் நிற்பார். இரண்டு மடங்கு விலை என்று சொன்னதெல்லாம் கடைசியில் ஒரே ஒரு லெவல் பின்தங்குவதுதான்.

இரண்டாவது வழி, அரிதாக்குவது. 1975ல் பாலடின் வந்தபோது, கரிஸ்மா என்ற குணத்தில் 17 இருந்தால்தான் பாலடின் ஆகலாம் என்று வைத்தார்கள். மூன்று பகடையை உருட்டிக் கூட்டினால் 17 அல்லது 18 வருவதற்கு 216ல் 4 வாய்ப்பு. இரண்டு சதவீதம் கூட இல்லை. சரி, அந்த வாய்ப்பு யாருக்கோ அடித்துவிட்டது. அப்புறம்? அந்த மேஜையில் அவர் வாராவாரம் பாலடின்தான். லாட்டரி பரிசு யாருக்கும் எளிதில் விழாது என்பது உண்மை, விழுந்த வீட்டில் பணம் இருக்கும் என்பதும் உண்மை.

மூன்றாவது வழி, காலத்தால் சரிக்கட்டுவது. பழைய மந்திரவாதி முதல் லெவலில் ஒரே ஒரு மந்திரம் தெரிந்த நோஞ்சான். ஐந்தாவது லெவலில் ஃபயர்பால் கிடைத்ததும் ஒரு கூட்டத்தையே எரிப்பார். இன்றைக்குக் கஷ்டம், நாளைக்குச் சுகம். ஆட்டம் நாளை வரை போனால்தானே? நடுவில் பரீட்சை வரும், ஒருவருக்கு வெளியூரில் வேலை கிடைக்கும், ஆட்டம் பாதியில் நிற்கும். தொடக்கத்திலேயே நின்றால் மந்திரவாதிக்கு நஷ்டம். பத்தாவது லெவலில் ஆரம்பித்தால் போர்வீரருக்கு நஷ்டம்.

2000ல் வந்த மூன்றாம் பதிப்பு, எல்லாக் கிளாஸுக்கும் ஒரே புள்ளிக் கணக்கு என்று மாற்றியது. ஒவ்வொரு லெவலும் எந்தக் கிளாஸில் எடுத்தாலும் ஒரே மதிப்பு என்றாகிறது. கிளாஸ்களை லெவல் லெவலாகக் கலக்கவும் அனுமதி. அந்தப் பதிப்பின் ரேஞ்சருக்கு முதல் லெவலிலேயே இரண்டு கையிலும் ஆயுதம் பிடிக்கிற வித்தை உட்படப் பல நல்ல விஷயங்கள் குவிந்திருந்தன. விளைவு, ரேஞ்சரில் ஒரு லெவல் மட்டும் நுனிப்புல் மேய்ந்துவிட்டு வேறு கிளாஸுக்குப் போக வழி கிடைத்தது. 2003ல் வந்த 3.5 பதிப்பில் அவற்றைப் பிரித்துப் பின் லெவல்களுக்குத் தள்ளினார்கள். வீட்டில் கிளாஸ் எழுதுகிறவர்கள் இன்றைக்கும் முதல் மூன்று லெவலிலேயே எல்லா ஆசையையும் கொட்டிவிடுகிறார்கள்.

2008ல் வந்த நான்காம் பதிப்பு இன்னும் கறாராகப் போனது. எந்தக் கிளாஸ் ஆனாலும் எப்போதும் செய்யக்கூடியது இத்தனை, சண்டைக்கு ஒரு முறை செய்யக்கூடியது இத்தனை, நாளைக்கு ஒரு முறை இத்தனை என்று ஒரே அச்சு. சமநிலை நிஜமாகவே மேம்பட்டது. கூடவே, எல்லாக் கிளாஸும் ஒரே மாதிரி இருக்கின்றன என்ற புகாரும் வந்தது. 2014ல் வந்த ஐந்தாம் பதிப்பு பழையபடி கிளாஸுக்கு ஒரு கட்டமைப்பு என்று திரும்பியது.

பேப்பரும் பேனாவும்

பெரிய கம்பெனிக்கே இந்த நிலைமை என்றால் தனி ஆள் என்ன செய்வது? கணக்குப் போடலாம். பள்ளிக்கூடக் கணக்குதான். கீழே உள்ளது எல்லாம் 2014 விதிகளின்படி.

ஐந்தாவது லெவல் பாத்திரம். முக்கியக் குணத்தால் 4, பயிற்சியால் 3, மொத்தம் 7ஐப் பகடை எண்ணோடு கூட்டலாம். எதிரியின் ஆர்மர் கிளாஸ் 15. பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி படும். 20ல் 13 வாய்ப்பு, 65 சதவீதம். (20 விழுந்தால் கிடைக்கும் கூடுதல் அடியை இப்போதைக்கு விட்டுவிடலாம்.)

ஃபைட்டர் பெரிய வாளை வைத்திருக்கிறார். இரண்டு ஆறு பக்கப் பகடை, சராசரி 7, அதோடு 4. ஒரு வெட்டுக்கு 11. அவருக்கு ஒரு முறைக்கு இரண்டு வெட்டு, ஆக 22. அதில் 65 சதவீதம் 14.3.

ரோக் ஒரே குத்து. எட்டுப் பக்கப் பகடையின் சராசரி 4.5, அதோடு 4, பதுங்கிக் குத்துவதற்கு மூன்று ஆறு பக்கப் பகடை 10.5. மொத்தம் 19. அதில் 65 சதவீதம் 12.35.

வார்லாக் என்ற மந்திரக்காரர் எல்ட்ரிச் பிளாஸ்ட் என்று இரண்டு கதிர் விடுவார். பத்துப் பக்கப் பகடையின் சராசரி 5.5. அதற்கென்று உள்ள சக்தியை எடுத்திருந்தால் கூட 4. இரண்டு கதிருக்கும் சேர்த்து 19. அதே 12.35!

வாள், கத்தி, மந்திரம் என்று பார்க்க மூன்றும் வேறு வேறு. ஆனால் எண்கள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கின்றன. ஃபைட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் என்றால், அவர் அரக்கன் கைக்கு எட்டும் தூரத்தில் நிற்கிறார், கேடயமும் இல்லை.

இப்போது ஒரு கற்பனை ஹோம்ப்ரூ. "புயல்வாள்" என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். ஒற்றைக் கை வாள், மறுகையில் கேடயம். ஒரு முறைக்கு இரண்டு வெட்டு. ஒவ்வொரு வெட்டு படும்போதும் மின்னலால் கூடுதலாக ஒரு ஆறு பக்கப் பகடை. 4.5, 4, 3.5 சேர்த்து 12. இரண்டு வெட்டுக்கு 24, அதில் 65 சதவீதம் 15.6. ஃபைட்டரை விட 1.3தான் கூடுதல். பார்த்தால் சாதுவாகத் தெரிகிறது.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, அந்த மின்னல் இலவசம். ரேஞ்சருக்கு இதேபோல ஹண்டர்ஸ் மார்க் என்று ஒரு மந்திரம் உண்டு, ஒவ்வொரு அடிக்கும் ஒரு ஆறு பக்கப் பகடை கூடும். ஆனால் அதற்கு ரேஞ்சர் ஒரு மந்திரச் செலவு செய்ய வேண்டும், ஒரு போனஸ் ஆக்ஷன் கொடுக்க வேண்டும், மனதை அதிலேயே நிறுத்த வேண்டும், நடுவில் அடி வாங்கினால் கலைந்து போகலாம். புயல்வாளுக்கு இந்தச் செலவு ஒன்றும் இல்லை.

இரண்டாவது, எழுதியவர் அடுத்த வரியிலேயே "போனஸ் ஆக்ஷனில் இன்னொரு வெட்டு" என்று சேர்த்திருப்பார். முக்கால்வாசி ஹோம்ப்ரூக்கள் இங்கேதான் சறுக்கும். ஒரு முறைக்குக் கிடைக்கும் செயல்களின் எண்ணிக்கைதான் இந்த விளையாட்டின் உண்மையான நாணயம். மூன்று வெட்டு என்றால் 36, அதில் 65 சதவீதம் 23.4. இப்போது ஃபைட்டரை விட 60 சதவீதத்துக்கு மேல் அதிகம். ரோக்கைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மின்னல் ஒவ்வொரு வெட்டோடும் ஒட்டியிருப்பதால், வெட்டு கூடக் கூட மின்னலும் கூடுகிறது. ரோக்கின் பதுங்கிக் குத்து ஒரு முறைக்கு ஒரு தடவைதான் என்று ஏன் வைத்திருக்கிறார்கள் என்பது இதைப் பார்த்தால் புரியும்.

இது போதாதென்று கலப்பும் இருக்கிறது. ஃபைட்டரில் இரண்டு லெவல் எடுத்தால், ஓய்வுக்கு ஓய்வு ஒரு தடவை கூடுதல் ஆக்ஷன் கிடைக்கும். ஆக ஏழாவது லெவலில் புயல்வாள்காரர் ஒரே முறையில் ஐந்து வெட்டு வெட்டுவார். 60ல் 65 சதவீதம், 39. தனியாகப் பார்த்தால் சாதுவாக இருக்கும் கிளாஸ், கூட்டாளி கிடைத்ததும் ஆளே மாறிவிடுகிறது.

இந்த 1.3, 23.4, 39 எல்லாம் பத்து நிமிடக் கணக்கு. படம் வரையச் செலவு செய்த நேரத்தில் கால்வாசி போதும்.

நாளைக்கு ஒரு முறை என்ற மயக்கம்

"இந்தச் சக்தி பெரிதுதான், ஆனால் நாளைக்கு ஒரு முறைதானே?" என்று ஒரு வாதம் வரும். அந்த "நாள்" எவ்வளவு நீளம் என்பதைப் பொறுத்தது அது.

2014 டன்ஜன் மாஸ்டர் கையேடு, ஒரு நாளில் நடுத்தரமான அல்லது கடினமான சண்டைகள் ஆறு முதல் எட்டு வரை சமாளிக்கலாம் என்று கணக்கு வைத்திருந்தது. நாளைக்கு ஒரு முறை 30 புள்ளி கூடுதல் சேதம் செய்யும் சக்தி, ஆறு சண்டை உள்ள நாளில் சண்டைக்கு 5 என்று ஆகிறது. ஆனால் கதையும் பேச்சும் அதிகமாக ஓடுகிற மேஜையில் ஒரு நாளுக்கு ஒரே சண்டைதான் வரும். அங்கே அதே சக்தி சண்டைக்கு 30. ஒரு வரி கூட மாறவில்லை, விலை ஆறில் ஒரு பங்காகிவிட்டது.

இதில் அடி வாங்குவது, தீராத சக்தி உள்ளவர்கள். ஃபைட்டரின் வாளும் ரோக்கின் கத்தியும் எட்டாவது சண்டையிலும் அதே மாதிரி வெட்டும். அந்த எட்டாவது சண்டை வராத மேஜையில் அவர்களின் பெருமை வெளியே தெரியாது. ஆகவே ஹோம்ப்ரூவைப் படிக்கும்போது, அந்த மேஜையில் ஒரு நாளுக்கு எத்தனை சண்டை வழக்கம் என்று கேட்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. வேறு யாரோ ஒருவர் மேஜையில் நன்றாக ஓடிய கிளாஸ், இங்கே ஓடாமல் போக இது ஒரு காரணம்.

எழுதி வைத்த செலவும் நிஜச் செலவும்

ஹோம்ப்ரூக்களில் பலவீனங்கள் பட்டியல் ஒன்று கட்டாயம் இருக்கும். சமநிலைக்காகவாம். நீச்சல் தெரியாது. பூனைக்குப் பயம். அரச குடும்பத்துக்குப் பகை.

பாலைவனத்தில் நடக்கும் கதையில் நீச்சல் தெரியாவிட்டால் என்ன? கணக்குப் புத்தகத்தில் செலவு எழுதியிருக்கிறது, பெட்டியில் இருந்து பணம் போகவில்லை. எந்த ஆடிட்டரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

இன்னொரு வகை இன்னும் மோசம். "ரத்தவெறி ஏறினால் பக்கத்தில் இருப்பவரை, நண்பனா எதிரியா என்று பார்க்காமல் வெட்டுவார்." கேட்க ஜோராக இருக்கிறது. வெட்டு வாங்குவது யார்? நண்பர். அரச குடும்பத்துக்குப் பகை என்றால் காவலாளிகள் பிடித்துப் போவது அவரை மட்டுமா? மொத்தக் கூட்டத்தையும்தான். பலம் ஒருவருக்கு, விலை மற்றவர்களுக்கு. தொழிற்சாலை லாபம் முதலாளிக்கு, சாயத் தண்ணீர் ஆற்றங்கரைக்காரர்களுக்கு என்பது போல.

நிஜமான விலை எப்படி இருக்கும் என்பதற்கு மேத்யூ மெர்சர் எழுதிய பிளட் ஹண்டர் நல்ல உதாரணம். கிரிட்டிக்கல் ரோல் நிகழ்ச்சியின் டன்ஜன் மாஸ்டர் அவர். 2015ல் வின் டீசல் நடித்த தி லாஸ்ட் விட்ச் ஹண்டர் படத்தை ஒட்டி நடந்த ஓர் ஆட்டத்துக்காக அவர் உருவாக்கிய கிளாஸில் இருந்து வளர்ந்தது இது. பிளட் ஹண்டர் தன் ஆயுதத்துக்குச் சக்தி ஏற்ற வேண்டும் என்றால் தன் உயிர்ப் புள்ளியிலேயே கொஞ்சம் இழக்க வேண்டும். இழப்பது அவர், இழப்பது உடனே, இழப்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. இந்தக் கிளாஸையும் மெர்சர் ஒரே தடவையில் எழுதி முடித்துவிடவில்லை. ஆடிப் பார்த்துப் பார்த்துப் பல தடவை திருத்தியிருக்கிறார்.

வணிகவியல் படிப்பவர்களுக்கு வாய்ப்புச் செலவு என்ற வார்த்தை பழக்கம். ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் கைவிட நேரும் இன்னொன்று. நல்ல கிளாஸில் எழுதி வைத்த பலவீனம் குறைவாகவும் வாய்ப்புச் செலவு அதிகமாகவும் இருக்கும். மின்னலா, மூன்றாவது வெட்டா? ஒரு முறைக்கு ஒன்றுதான். இப்படி வைத்தால் புயல்வாள்காரருக்கும் ஒவ்வொரு முறையும் யோசிக்க ஏதாவது இருக்கும். ஆட்டமும் சுவாரசியமாகும்.

கணக்கில் வராதது

சேதக் கணக்கு சரியாக இருந்தாலே சமநிலை வந்துவிடாது. இதற்கு விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் கம்பெனியின் அனுபவமே சாட்சி. மனோசக்தியை வைத்து மிஸ்டிக் என்ற புதுக் கிளாஸைச் சோதனைக்காக 2015ல் வெளியிட்டார்கள். 2016ல் இரண்டாவது வடிவம், 2017ல் மூன்றாவது வடிவம். மூன்றாவது வடிவத்தில் ஒரே ஆள் சண்டை போடுவார், காயம் ஆற்றுவார், ஒளிந்து போவார், மனதைப் படிப்பார். எந்த வேலைக்கும் கை தூக்கக்கூடிய ஆள். கடைசியில் அந்தக் கிளாஸ் அதிகாரபூர்வப் புத்தகம் எதிலும் வரவில்லை. 2020 நவம்பரில் வந்த டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங் புத்தகத்தில் மனோசக்தியைப் பிரித்து, ஃபைட்டருக்குக் கொஞ்சம், ரோக்குக்குக் கொஞ்சம், சார்சரருக்குக் கொஞ்சம் என்று துணைக் கிளாஸ்களாக ஆக்கிவிட்டார்கள்.

மறுபக்கமும் உண்டு. பயந்து பயந்து எழுதினால் கிளாஸ் நோஞ்சானாகிவிடும். 2014 புத்தகத்தில் ரேஞ்சரின் துணைக் கிளாஸ் ஒன்று, பீஸ்ட் மாஸ்டர். கூடவே ஒரு மிருகம் வரும். அந்த மிருகம் கடிக்க வேண்டும் என்றால் ரேஞ்சர் தன் ஆக்ஷனைக் கொடுக்க வேண்டும். மூன்றாவது லெவலில் மிருகம் கடித்தால் ரேஞ்சர் கைகட்டி நிற்பார். ஓநாயோடு அலைகிற வீரன் என்ற ஆசையில் வந்தவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். 2020 புத்தகத்தில்தான் போனஸ் ஆக்ஷனில் மிருகத்தை ஏவலாம் என்ற மாற்று வடிவம் வந்தது. பலவீனமான கிளாஸாலும் ஒருவருடைய வெள்ளிக்கிழமைகள் வீணாகும். அந்த ஒருவர் அதை ஆசையோடு தேர்ந்தெடுத்தவர் என்பது கூடுதல் வருத்தம்.

"பலமாக இருந்தால் இருக்கட்டும், அரக்கனைப் பலமாக்கிவிட்டால் போச்சு" என்று சில டன்ஜன் மாஸ்டர்கள் சமாளிப்பார்கள். இது நோய்க்கு மருந்தைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுப்பது. அரக்கனின் உயிர்ப் புள்ளியை ஏற்றினால் புயல்வாள்காரருக்குச் சரியான சண்டை கிடைக்கும். ஃபைட்டருக்கும் ரோக்குக்கும் தங்கள் அடி உறைக்காமல் போகும். அரக்கனின் அடியை ஏற்றினால் முதலில் விழுவது விஸார்ட். ஏறின விலையை மறுபடியும் மற்றவர்கள்தான் கட்டுகிறார்கள்.

அப்போது என்ன செய்யலாம்?

தடை போடுவது சுலபம். ஆனால் ஒருவர் பத்துப் பக்கம் எழுதிக்கொண்டு வருகிறார் என்றால் அந்த மேஜையின் மேல் அவ்வளவு பிரியம் என்று அர்த்தம். படிக்காமலே "வேண்டாம்" என்று சொன்னால் அந்தப் பிரியம் அடிபடும்.

முதலில் அவருக்கு நிஜமாக என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும். மின்னல் வாள்தான் வேண்டும் என்றால் புதுக் கிளாஸே தேவைப்படாமல் போகலாம். பாலடினை எடுத்து, ஒளி என்று எழுதிய இடத்தில் எல்லாம் மின்னல் என்று வர்ணித்தாலே பாதி ஆசை தீர்ந்துவிடும். அது போதாது என்றால் ஏற்கெனவே உள்ள கிளாஸுக்குள் ஒரு துணைக் கிளாஸ். அடித்தளம் சரியாக இருப்பதால் தப்பு நடந்தாலும் சின்னத் தப்பாக இருக்கும். முழுக் கிளாஸ் என்பது கடைசிப் படி. 2014ல் 12 கிளாஸ்களோடு ஆரம்பித்த கம்பெனியே அடுத்த பத்து வருஷத்தில் புதிதாகச் சேர்த்த முழுக் கிளாஸ் ஒன்றே ஒன்று, ஆர்ட்டிஃபிசர். அதுவும் 2015ல் முதல் சோதனை வடிவம் வந்து, 2019ல்தான் புத்தகத்தில் ஏறியது.

முழுக் கிளாஸ்தான் என்று முடிவானால், அதற்கு நெருங்கிய அச்சிட்ட கிளாஸைப் பக்கத்தில் வைத்து லெவல் லெவலாக ஒப்பிட வேண்டும். ஐந்தாவது லெவலில் ஒரு தடவை, பதினோராவது லெவலில் ஒரு தடவை மேலே சொன்ன கணக்கைப் போட வேண்டும். கலப்பில் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும்.

பிறகு, இது தற்காலிகம் என்று முதல் நாளே பேசிக்கொள்ள வேண்டும். மூன்று ஆட்டம் ஆடிப் பார்ப்பது, பிறகு கூட்டுவதோ குறைப்பதோ. முன்கூட்டியே சொல்லாமல் நடுவில் குறைத்தால் கையில் கொடுத்ததைப் பிடுங்கியது போல இருக்கும். சண்டை அரக்கனோடு நிற்காது.

கடைசியாக, பெரும்பாலும் யாரும் செய்யாத ஒன்று: அந்தப் பத்துப் பக்கத்தை மற்ற ஆட்டக்காரர்களிடமும் காட்டுவது. எழுதியவரும் டன்ஜன் மாஸ்டரும் மட்டும் தனியாகப் பேசி முடித்துவிடுகிறார்கள். விலை கொடுக்கப் போகிறவர்கள் அந்தப் பேச்சில் இருப்பதே இல்லை. ரோக் ஆடுபவர் படித்துப் பார்த்து, "பூட்டுத் திறக்கிற இந்த ஒன்றை மட்டும் எடுத்துவிடுங்கள், மற்றபடி பிரமாதம்" என்று சொன்னால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்தது. அவர் ஒரு கணக்கும் போட்டிருக்க மாட்டார். ஆனால் எந்தச் சக்தி தன் இடத்தில் கைவைக்கிறது என்று அவருக்குத்தான் முதலில் தெரியும்.

பிளாக்மூர்க்காரர்களுக்கு 65 சதவீதக் கணக்கோ ஒப்பீட்டு அட்டவணையோ இருந்திருக்காது. ஒரு ரத்தக்காட்டேரியால் ஆட்டம் கெடுகிறது என்று தெரிந்தது, அதைச் சரிசெய்ய ஒரு பாதிரியார் வந்தார். ஐம்பது வருஷம் கழித்தும் அவர் எல்லா மேஜையிலும் உட்கார்ந்திருக்கிறார். புதிதாக ஒரு கிளாஸ் எழுதுகிறவர், சக்திகளின் பட்டியலை முடித்த பிறகு கீழே இன்னும் நாலு வரி எழுதிப் பார்க்கலாம்: இந்த ஆள் வந்த பிறகு மேஜையில் இருக்கும் மற்ற நாலு பேருக்கும் செய்ய என்ன இருக்கும் என்று, ஆளுக்கு ஒரு வரி. எந்த வரிக்கு எழுத ஒன்றும் கிடைக்கவில்லையோ, திருத்தத்தை அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.